மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் டிக்கெட் இல்லை

இன்று 2024 அக்டோபர் 6. 'லப்பர் பந்து' வெளியாகி 17ஆவது நாள். அம்மாவையும் சித்தியையும் மதியக் காட்சிக்குக் கூட்டிப்போகலாம் என்று காலையில் போனை எடுத்து சீட் பார்த்தால், திரைக்கு முன்னால் முதல் வரிசையில் இந்த மூலையில் ரெண்டு, அந்த மூலையில் ரெண்டு, அவ்வளவுதான் மிச்சம். அம்மாவுக்குக் கழுத்து வலி, அங்கே உட்கார வைக்க முடியாது. சரி என்று இரவுக் காட்சிக்கு 3 டிக்கெட் போட்டேன். அதுவும் நடுவில் கிடைக்கவில்லை, ஓரத்தில்தான். டிக்கெட் கிடைக்காததற்கு வருத்தம் வரவேண்டும், எனக்கோ அப்படி ஒரு சந்தோஷம். பெரிய நட்சத்திரம் இல்லாத ஒரு படத்துக்கு, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம், மதுரையில் டிக்கெட் இல்லை! இதைக் கடைசியாக எந்தப் படத்துக்குப் பார்த்தேன் என்று காலையில் இருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

போன மாதம் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை இதே படத்தை முதல் காட்சியில் பார்த்தேன். பாதி ஹால் காலி. அன்று ஒரே நாளில் நான் பார்த்தே ஆகவேண்டும் என்று குறித்து வைத்திருந்த படங்கள் மட்டும் நான்கு. 'லப்பர் பந்து', சசிகுமார் நடித்த 'நந்தன்', சீனு ராமசாமியின் 'கோழிப்பண்ணை செல்லதுரை', ஹிப்ஹாப் ஆதியின் 'கடைசி உலகப் போர்'. செப்டம்பர் 5 வந்த விஜய்யின் 'கோட்' வேறு நல்ல நல்ல ஸ்கிரீன்களில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மிஞ்சிய காட்சிகளைத்தான் இந்த நாலு பேரும் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஒருவருக்குக் காலைக் காட்சி, ஒருவருக்கு மதியம், ஒருவருக்கு ராத்திரி மட்டும். வேலைக்குப் போகிற ஆள் சாயங்காலம் ஆறரை மணிக்கு நிம்மதியாகப் போய்ப் பார்க்கிற மாதிரி இந்த நாலில் எத்தனை படத்துக்குக் காட்சி கிடைத்தது என்று அன்றைக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வாரா வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு வேலை உண்டு. மறுநாள் எந்தப் படத்துக்கு எங்கே எத்தனை காட்சி என்று ஒவ்வொரு தியேட்டராகப் பார்ப்பேன். பெரிய படம் என்றால் நாலைந்து நாள் முன்பே புக்கிங் திறந்துவிடும். சின்ன படத்துக்கு வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணி, ஒன்பது மணி வரை ஒன்றுமே இருக்காது. எத்தனை காட்சி, எந்த ஸ்கிரீன், பங்கு எவ்வளவு என்று விநியோகஸ்தரும் தியேட்டர்காரரும் பேசி முடிக்கிற வரைக்கும் இழுக்கும். பத்து மணிக்குத் திறந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? மறுநாள் காலை பதினொன்றரைக் காட்சிக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் டிக்கெட்டே விற்க ஆரம்பிக்கிறார்கள், அப்புறம் மதியம் ஒரு மணிக்கு 'ஓப்பனிங் இல்லை' என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த ஒரு மணிக்கும் வியாழன் பத்து மணிக்கும் நடுவில் ஜனங்கள் தூங்கி எழுந்திருக்கிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், வேறு என்ன செய்திருக்க முடியும்?

பிரிண்ட் இருந்த காலத்தில் இது வேறு மாதிரி நடந்தது. படம் பெட்டியில் வரும். 'பெட்டி வந்துருச்சா' என்பதுதான் தியேட்டர் வாசலில் முதல் கேள்வி. வந்த பெட்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டி உள்ளே தூக்கிப் போவார்கள். வந்த பெட்டி குறைந்தது அந்த வாரம் முழுக்க அங்கேதான் இருக்கும், ஏனென்றால் மாற்றிப் போட கையில் வேறு பெட்டி கிடையாது. படம் சுமாராகப் போனாலும் வியாழன் வரை ஓட்டித்தான் ஆகவேண்டும். அந்த ஏழு நாளில் பார்த்தவன் வீட்டில் சொல்லி, வீட்டில் கேட்டவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருவே கிளம்பி வரும். மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தபோது 2,563 இருக்கை என்பார்கள். அவ்வளவு பெரிய ஹால் வாரக்கணக்கில் நிரம்பியது என்றால் அது வாய் வார்த்தையால் நிரம்பியதுதான். 1937இல் வந்த 'சிந்தாமணி' ஓடிய ஓட்டத்தில் கிடைத்த லாபத்தில் ராயல் டாக்கீஸ்காரர்கள் அதே பெயரில் இங்கே ஒரு தியேட்டரையே கட்டினார்கள். ரெண்டு தியேட்டரும் இப்போது இல்லை.

இப்போது படம் ஒரு ஃபைல். சர்வரில் நாலைந்து படம் ஏற்றி வைத்திருப்பார்கள், கேடிஎம் என்று ஒரு சாவி வந்தால் திறக்கும், இன்ன ஸ்கிரீனுக்கு இன்ன தேதி வரை என்று அதிலேயே இருக்கும். வசதிதான், நான் மறுக்கவில்லை. பிரிண்ட் போடக் காசில்லாத படம்கூட இன்று ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்க வர முடிகிறது. ஆனால் அதே வசதியில்தான் மதியம் ரெண்டரைக் காட்சிக்குப் போட இருந்த படத்தை ஒரு மணிக்குத் தூக்கிவிட்டு வேறு படம் போடவும் முடிகிறது.

எனக்கே நடந்தது. அந்தச் சனிக்கிழமை 'கோழிப்பண்ணை செல்லதுரை' பார்க்க ஒரு தியேட்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். நான் போகும்போது கவுண்டரில் ஒரு கணவன், மனைவி, அவர்களின் பையன், அப்புறம் ரெண்டு கல்லூரிப் பையன்கள். என்னோடு சேர்த்து ஆறு பேர். 'பத்துப் பேராவது வேணும் சார், இல்லேன்னா ஷோ போட முடியாது. பக்கத்து ஸ்கிரீன்ல சீட் இருக்கு, அதைப் பார்க்கிறீங்களா?' என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. அவர் மேல் கோபம் இல்லை, அவர் சொல்லச் சொன்னதைச் சொல்கிறார். ஆண்டிபட்டியில் இருந்து வருகிறோம், எங்கள் ஊர்ப் பக்கம் எடுத்த படம், அதற்காகத்தான் வந்தோம் என்று அந்த அம்மா சொன்னார். ஆண்டிபட்டியில் இருந்து மதுரைக்கு ஒன்றரை மணி நேரம் பஸ். பையன் புதுச் சட்டை போட்டிருந்தான். கடைசியில் அவர்கள் வேறு எதுவும் பார்க்காமல் திரும்பிப் போனார்கள். ஒரு ஏசி ஹாலை ஆறு பேருக்காக ஓட்டினால் கரண்டுக் காசுகூட வராது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் படம் வந்தது வெள்ளிக்கிழமை, நாங்கள் நின்றது சனிக்கிழமை மதியம். இருபத்து நாலு மணி நேரம் சொச்சம். அதற்குள் ஒரு படத்தைப் பற்றி யாருக்கு என்ன தெரிந்துவிடும்?

மறுநாள் வேறு ஒரு இடத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன். அப்பா, அம்மா ரெண்டு பேரும் கைவிட்டுப் போன பிறகு அண்ணன் ஒருவன் தங்கையை வளர்க்கிற கதை. ஏகன் அண்ணன், கோழிக்கடைக்காரராக யோகி பாபு. சீனு ராமசாமிக்குக் கைவிடப்பட்ட மனிதர்கள் மேல் இருக்கும் பிரியம் 'தென்மேற்குப் பருவக்காற்று' காலத்தில் இருந்தே தெரிந்ததுதான், இதிலும் இருக்கிறது. அழ வைக்க வேண்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே முயற்சி செய்கிறார் என்று எனக்குப் பட்டது, இரண்டாம் பாதியில் ரெண்டு மூன்று இடங்களில் பாத்திரங்கள் அழுது முடித்த பிறகும் காட்சி முடியவில்லை. ஆனால் யோகி பாபு அடக்கி வாசித்திருக்கும் விதத்துக்காகவே பார்க்கலாம். 'கடைசி உலகப் போர்' 2028இல் நடக்கிற கதை, சென்னை மேல் குண்டு விழுகிறது. இயக்கம், இசை, நடிப்பு, தயாரிப்பு எல்லாம் ஆதியே. சொந்தக் காசில் இப்படி ஒரு முயற்சிக்கு இறங்கும் துணிச்சலை நான் மதிக்கிறேன். அரசியல்வாதிகளை வைத்து நட்டியும் நாசரும் வருகிற பகுதி சுறுசுறுப்பாக இருந்தது, போர் தொடங்கிய பிறகு எனக்குப் பிடி தளர்ந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

'நந்தன்' பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் மாவட்டத்துக் கதை. படத்தில் ஊர் வேறாக இருக்கலாம், எனக்கு அது எங்கள் மாவட்டம்தான். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று ஒதுக்கப்பட்ட ஊராட்சியில், ஆதிக்கத்தில் இருப்பவர்கள் தங்களுக்குக் கைகட்டி நிற்கிற கூழ்பானை என்கிற ஆளை நிறுத்தி ஜெயிக்க வைத்து, அவர் பெயரில் தாங்களே ஆள்கிறார்கள். இரா. சரவணன் இயக்கம், கூழ்பானையாக சசிகுமார், எதிரில் பாலாஜி சக்திவேல். படம் பார்த்துவிட்டு என் கூட வந்த தம்பி, வயது இருபத்திரண்டு, 'இதெல்லாம் ரொம்ப மிகைப்படுத்துறாங்கண்ணே' என்றான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவனுக்குப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதையைச் சொன்னேன். மூன்றும் மதுரை மாவட்டம். 1996இல் இந்த ஊராட்சிகள் ஒதுக்கப்பட்டதில் இருந்து 2006 வரை பத்து வருஷம் அங்கே ஒழுங்காக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. ஒன்று யாரும் மனுப் போட மாட்டார்கள், இல்லையென்றால் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுப்பார். 2006இல் உதயச்சந்திரன் கலெக்டராக இருந்தபோதுதான் தேர்தல் முறையாக நடந்து முடிந்தது. மேலூர் பக்கம் மேலவளவில் ஜெயித்து வந்த தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30ஆம் தேதி பஸ்ஸில் வரும்போது வெட்டிக் கொன்றார்கள், கூட வந்தவர்களையும். இதெல்லாம் அவன் பிறப்பதற்கு முன்னாலும் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் நடந்தது, அவனுக்குத் தெரியாமல் இருந்தது அவன் தப்பு இல்லை. தெரிய வைக்கத்தானே இந்த மாதிரிப் படம் வருகிறது.

சசிகுமாரைச் சொல்ல வேண்டும். வெற்றிலைக் கறை படிந்த பல்லும் அழுக்கு உடம்புமாக அவர் கூனி நிற்கிற நிலை முதலில் எனக்கு நெருடியது, இவ்வளவு அப்பாவியாக ஒரு மனிதன் இருப்பானா என்று. போகப் போக அந்தக் கூனல் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்தது என்று படமே காட்டிவிடுகிறது. பிரசங்கம் போல ஆகிற இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கடைசியில் நிஜமான ஊராட்சித் தலைவர்கள் தங்களுக்கு நடந்ததைக் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்கள். படம் முடிந்தது என்று பாதிப் பேர் எழுந்து படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள், அந்தக் குரல்கள் ஆரம்பித்ததும் நின்றார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டினவர், படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கடைசி வரை நின்று பார்த்தார். விளக்குப் போட்டதும் யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே போனார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் பார்த்த அந்த ஸ்கிரீனில் படம் இல்லை.

அதே வாரத்தில், அதே மாதிரி பாதிக் காட்சியோடு ஆரம்பித்து, 'லப்பர் பந்து' எப்படித் தப்பித்தது?

தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம். 'அட்டகத்தி' தினேஷ் ஊரில் பேர் போன பேட்ஸ்மேன், பட்டப்பெயர் கெத்து. ஹரிஷ் கல்யாண் அன்பு, பந்து வீசுகிறவன், அவனை அவன் சொந்த ஊர் டீமில் சேர்க்க மாட்டார்கள், காரணம் சாதி. இந்த ரெண்டு பேருக்கும் மைதானத்தில் முறுக்கிக்கொள்கிறது. அப்புறம்தான் தெரிகிறது அன்பு காதலிக்கிற துர்காவின் அப்பா கெத்து என்று. அவ்வளவுதான் கதை. ஒரு வரியில் சொன்னால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இருப்பது எல்லாம் அந்த மைதானத்தில். நான் வைகை ஆற்றுக்குள்ளே தண்ணீர் இல்லாத மாதங்களில் விளையாடி வளர்ந்தவன். ரப்பர் பந்து மணலில் எழும்பாது, கட்டாந்தரையில் நெஞ்சுக்கு ஏறும், புதுப் பந்துக்குக் காசு பிரித்தால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பத்து நாள் பேச்சு ஓடும். பேபி ஓவர், ட்ரையல் பால், ஆள் குறைந்தால் ரெண்டு பக்கமும் ஆடுகிற ஜோக்கர், பெட் மேட்ச் என்று போய் ஜெயித்த காசில் பரோட்டா. இதையெல்லாம் விளையாடினவன் எடுத்த படம் என்று முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஃபீல்டிங்கில் நிற்கிறவன் வாய் சும்மா இருக்காது, கமெண்ட்ரி சொல்கிறவன் ஒரு பக்கம் சாய்வான், வெளியூர் டீம் வந்தால் ஊரே அம்பயர். சரியாகப் பிடித்திருக்கிறார்.

ஆனால் வீட்டுப் பெண்களைக் கூட்டி வந்தது கிரிக்கெட் இல்லை, யசோதை. சுவாசிகா நடித்திருக்கும் கெத்துவின் மனைவி. வேலைவெட்டியை விட்டுவிட்டு பேட்டைத் தூக்கிக்கொண்டு போகிற புருஷனை அடக்க டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து ஆடுகளத்தையே உழுதுவிடுகிறாள். முதல் நாள் அந்தக் காட்சிக்கு ஆண்கள்தான் சிரித்தார்கள், ஹாலில் பெண்களே குறைவு. இரண்டாவது முறை, அதாவது முதல் ஞாயிறு, நான் அக்கா வீட்டுக் கூட்டத்தோடு போனேன். அன்று டிராக்டர் வந்ததும் பெண்கள் பக்கம் இருந்து ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், அது சிரிப்பு இல்லை, பல வருஷம் உள்ளே வைத்திருந்தது. என் அக்கா கை தட்டினாள். அக்கா தியேட்டரில் கை தட்டி நான் பார்த்ததே இல்லை. கெத்துவையும் தப்பான ஆளாகக் காட்டவில்லை, அன்புவையும் ஒரேயடியாகத் தூக்கி வைக்கவில்லை. ரெண்டு பேருக்கும் வீம்பு. அந்த வீம்புக்கு வீட்டில் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை யசோதையும் துர்காவும் பேசாமல் இருக்கிற காட்சிகளில் சொல்லிவிடுகிறார்கள். ஷான் ரோல்டன் இசையும் தேவைப்பட்ட இடத்தில் ஒதுங்கிக்கொள்கிறது.

அப்புறம் கேப்டன். கெத்து விஜயகாந்த் ரசிகர். அவர் மைதானத்தில் இறங்கினால் 'பொன்மனச் செல்வன்' படத்தில் வருகிற 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும். 1989இல் வந்த படம், இளையராஜா பாட்டு. மற்ற ஊரில் எப்படியோ, மதுரையில் அந்தப் பாட்டுக்கு நடந்தது வேறு. திருமங்கலத்தில் பிறந்து, மதுரையில் வளர்ந்து, அப்பாவின் அரிசி ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்து சென்னைக்குப் போன மனிதர் அவர். போன டிசம்பர் 28 அவர் இறந்தபோது இங்கே தெருவுக்குத் தெரு படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். அந்த வருத்தம் ஊரில் அப்படியே கிடந்தது. பாட்டின் முதல் அடி வந்ததும் என் வரிசையில் ஐம்பது வயது தாண்டிய ஒருவர் எழுந்து நின்று ரெண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார், அடித்து முடித்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவர் பேரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இது எதுவும் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தெரிந்திருக்காது. முதல் நாள் என்னோடு பார்த்தவர்கள் ஐம்பது, அறுபது பேர் இருப்போம். அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் போட்டார்கள், சனி ராத்திரி கூட்டம் வந்தது, ஞாயிறு டிக்கெட் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை நல்ல காட்சி நேரங்கள் அந்தப் படத்துக்கு மாறின. வெள்ளி, சனி ரெண்டு நாள் அதைத் தூக்காமல் பொறுத்த தியேட்டர்காரர்களுக்கு நான் மனசார நன்றி சொல்கிறேன். அவர்களுக்கும் அதில் லாபம்தான். முதல் வாரம் விநியோகஸ்தருக்குப் பங்கு அதிகம், வாரம் போகப் போகத் தியேட்டர் பங்கு கூடும், கேன்டீன், பார்க்கிங் தனி. மூன்றாவது வாரம் நிரம்புகிற ஹால்தான் தியேட்டர்காரருக்கு உண்மையான வருமானம். நாலு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடும் என்று தெரிந்தால் பாதிப் பேர் கிளம்பவே மாட்டார்கள், 'கோட்' படமே சரியாக 28 நாள் கழித்து, அக்டோபர் 3, நெட்ஃப்ளிக்ஸில் வந்துவிட்டது. அப்படி இருக்கும்போது இந்த மூன்றாவது வாரம் எவ்வளவு அருமையானது!

போன வாரம், 27ஆம் தேதி, 'மெய்யழகன்' வந்தது. பிரேம்குமார் இயக்கம், கார்த்தி, அரவிந்த்சாமி. நான் முதல் நாளே போனேன், ஏறக்குறைய மூன்று மணி நேரம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996இல் சென்னைக்குப் போன குடும்பத்துப் பையன், இருபத்து ரெண்டு வருஷம் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். அத்தான், அத்தான் என்று ஒருவன், அதுதான் கார்த்தி, ஒட்டிக்கொண்டே வருகிறான், அவன் யார், பேர் என்ன என்று இவனுக்கு ஞாபகமே இல்லை. கேட்கவும் கூச்சம். மேடையில் அந்தப் பெண்ணுக்குக் கொண்டு வந்த நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிற காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு வீட்டில் என்னவெல்லாம் ஆகியிருக்கிறது என்று கார்த்தி சொல்கிற இடம் அதைவிட. பெயர் விஷயத்தை இங்கே சொல்ல மாட்டேன், போய்ப் பாருங்கள்.

படம் நீளம் என்று வெள்ளிக்கிழமையே பேச்சு கிளம்பியது. வாசலில் மைக் நீட்டுகிறார்கள், வெளியே வருகிறவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு 'ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்' என்கிறார், சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் படத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. அடுத்த சில நாளில் 18 நிமிஷத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். வெட்டின படத்தையும் நேற்றுப் பார்த்தேன். வேகம் கூடியிருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க ரெண்டு பேர் பேசிக்கொண்டே இருப்பதுதான் அந்தப் படம். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வராந்தாவில் பாய் போட்டுப் படுத்து, தூக்கம் வருகிற வரை சொந்தக்காரனோடு பேசினவர்களுக்கு அந்தப் பேச்சு எங்கெங்கோ போய்த்தான் திரும்பும் என்று தெரியும். கார்த்தி யுத்தம் என்பார், மாடு என்பார், ஊர் என்பார். அதைக் குறைத்ததும் கார்த்தி பாத்திரம் எனக்கு ஒரு சுற்று இளைத்த மாதிரி இருந்தது. வெட்டுவதற்கு முந்தின சனிக்கிழமை மாலைக் காட்சியில் குடும்பமாக வந்தவர்கள் யாரும் நீளம் என்று முனகி நான் கேட்கவில்லை, முழுசாகப் பார்த்து அமைதியாகக் கிளம்பினார்கள். அவர்கள் பக்கம் யாரும் மைக்கை நீட்டவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் அந்த 18 நிமிஷமும் தப்பித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வரும் வியாழன், 10ஆம் தேதி, 'வேட்டையன்' வருகிறது. ரஜினி படம், மறுநாளில் இருந்து ஆயுத பூஜை, விஜயதசமி லீவு. எல்லா ஸ்கிரீனும் அதற்குத்தான் போகும், போக வேண்டியதும்தான். முதல் காட்சிக்கு நானும் நிற்பேன், தலைவர் படத்துக்கு நிற்காமல் இருந்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒரு ஸ்கிரீனில், ஒரே ஒரு சாயங்காலக் காட்சி 'லப்பர் பந்து'க்கும் ஒன்று 'மெய்யழக'னுக்கும் விட்டு வையுங்கள் என்று தியேட்டர்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வேட்டையனுக்கு டிக்கெட் கிடைக்காமல் திரும்பும் குடும்பம் லீவு நாளில் வேறு எங்கே போகும்? இன்னும் பார்க்காதவர்கள் புதன்கிழமைக்குள் பார்த்துவிடுங்கள். இந்த வாரம் திங்கள், செவ்வாய் காட்சிகளில் நடு வரிசையே காலியாகக் கிடைக்கும், காலையில் பார்த்தேன்.

சித்தி 'பொன்மனச் செல்வன்' வந்தபோது கல்யாணமாகாத பெண். சித்தப்பா பெண் பார்க்க வந்துவிட்டுப் போன பிறகு, அந்தப் படத்துக்குத்தான் வீட்டில் எல்லோரையும் கூட்டிப்போனாராம். எந்தத் தியேட்டர் என்று மட்டும் அம்மாவுக்கும் சித்திக்கும் மதியத்தில் இருந்து வாக்குவாதம் நடக்கிறது. சித்தப்பா இப்போது இல்லை, கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. பாட்டு எந்த இடத்தில் வரும், ஆரம்பத்திலேயே வருமா, லேட்டாகப் போனால் தவறிவிடுமா என்று சித்தி மூன்று முறை கேட்டுவிட்டார். ஒன்பதரைக் காட்சி, மணி இப்போது ஏழே முக்கால்தான் ஆகிறது. சித்தி புடவை மாற்றிக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், கையில் பர்ஸ். ஆட்டோவுக்குச் சொல்லப் போகிறேன்.